ஊர்ப் பறவைகள், விலங்குகளின் ஆண்டுக் கணக்கு: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, தங்கள் ஊரில் கண்ட பறவைகளையும் விலங்குகளையும் ஆண்டுதோறும் குறித்துவைக்க விரும்புகிறவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

ஆண்டுக் கணக்கு என்றால் என்ன? பார்த்த பறவையின் பெயரை எழுதிவைத்தால் போதாதா?

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, முன்பே வரையறுத்துக்கொண்ட ஒரு பகுதிக்குள், தன்னிச்சையாக வாழும் பறவைகளையும் விலங்குகளையும் எவை, எங்கே, எப்போது, எத்தனை என்று குறித்துவைப்பதே ஆண்டுக் கணக்கு. பெயரை மட்டும் எழுதினால் ஆண்டு முடிவில் "இத்தனை வகை" என்ற ஓர் எண் கிடைக்கும். அது நமக்கு மகிழ்ச்சி தரலாம், ஆனால் ஊரில் எது கூடியது, எது குறைந்தது என்பதை அது சொல்லாது.

ஆகவே ஒவ்வொரு முறையும் நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு ஆகியவற்றைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பார்த்த மூன்று விராலடிப்பான்களும் (மீன் பிடிக்கும் பருந்து வகை), பகல் முழுவதும் அலைந்து பார்த்த மூன்று விராலடிப்பான்களும் ஒரே செய்தியைத் தருவதில்லை. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு பழக்கத்தை நம்பியே நிற்கின்றன.

வலசைப் பறவைகள் ஐப்பசியில் வந்து பங்குனியில் போகின்றன. ஜனவரி 1-இல் கணக்கை வெட்டினால் பருவமே இரண்டாகிவிடுகிறதே?

ஆகிவிடும் என்பது உண்மை. கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே வரத் தொடங்குகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து கண்மாய்களை நிரப்புகிறது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கருவேல மரங்களில் கூடு கட்டி, கோடை தொடங்குமுன் குஞ்சுகளைப் பறக்கவிடுகின்றன. நம் நிலத்தின் போக்குப்படி பார்த்தால் ஆடியில் தொடங்கி ஆனியில் முடிக்கும் கணக்கே பொருத்தமானது.

இருந்தும் ஜனவரிக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். பிற ஊர்களின் கணக்கோடு ஒப்பிட அதுதான் உதவும். ஒவ்வொரு பதிவிலும் நாள் இருந்தால், ஜூலை முதல் ஜூன் வரையிலான பருவக் கணக்கை அதே குறிப்பேட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பிரித்தெடுக்கலாம். மார்ச் மாதம் வரை இங்கே தங்கி, மீண்டும் அக்டோபரில் வந்த ஒரு வகை அந்த ஆண்டில் ஒரு வகையாகவே எண்ணப்படும்.

"எங்கள் ஊர்" என்பதற்கு எல்லை எது? இராமநாதபுரம் போகும் வழியில் பேருந்திலிருந்து பார்த்ததைச் சேர்க்கலாமா?

எல்லையை நீங்களே வகுக்கலாம். ஆனால் ஆண்டின் தொடக்கத்திலேயே வகுத்துவிட வேண்டும், இடையில் மாற்றக் கூடாது. வாரம் ஒரு முறையாவது கால்நடையாகச் சென்று வரக்கூடிய பரப்பே நல்லது. நல்ல பறவை ஒன்று எல்லைக்கு வெளியே தென்பட்டதும் எல்லையைச் சற்று நீட்டிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் அடுத்த ஆண்டோடு ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இந்தக் கடற்கரையில் எல்லைக்குள் ஒரு கடலோரம், ஒரு நன்னீர் நிலை, ஒரு பனங்காடு அல்லது புதர்க்காடு ஆகிய மூன்றும் இருக்குமாறு வகுத்தால் ஆண்டு முழுவதும் பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும். தேவிபட்டினம், பெரியபட்டினம், வாலிநோக்கம் போன்ற ஊர்களில் இது எளிது. பேருந்திலிருந்து பார்த்தது உங்கள் எல்லைக்குள் என்றால் சேரும். வெளியே என்றால் மாவட்டப் பட்டியல் என்று தனியாக ஒன்றைத் தொடங்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், எட்டு மடங்கு பெருக்கும் ஓர் இருநோக்கி போதும். கடலோரத்தில் தொலைநோக்கி மிகவும் உதவும் என்றாலும் முதல் ஆண்டிலேயே அதற்குச் செலவிட வேண்டியதில்லை. உப்புக்காற்று கண்ணாடிகளைக் கெடுக்கும் என்பதால், வீடு திரும்பியதும் முதலில் மணலை ஊதி அகற்றிய பிறகே துடையுங்கள்.

எனக்கு இருபது பறவைகள்கூடத் தெரியாது. உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. நான் எப்படிக் கணக்கு வைப்பது?

தெரிந்த இருபதிலிருந்தே தொடங்குங்கள். காகம், மைனா, செம்பருந்து, மடையான், பனங்காடை, பனை உழவாரன், கரிச்சான், ஆள்காட்டி ஆகியவற்றை ஆண்டு முழுவதும் ஒழுங்காக எண்ணுகிறவரின் கணக்கு, அரிய பறவைகளை மட்டும் தேடிச் செல்கிறவரின் கணக்கைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. எல்லோரும் பார்ப்பதாலேயே யாரும் எழுதாமல் விடும் பறவைகள் இவை.

உள்ளான்களில் முதலில் காலின் நிறத்தையும் அலகின் நீளத்தையும் பாருங்கள். சிவந்த கால்களோடு, பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெண்பட்டை காட்டுவது பவளக்கால் உள்ளான். உருவில் சற்றுப் பெரிதாய், பசுமை கலந்த கால்களும் இலேசாக மேல்நோக்கி வளைந்த அலகும் கொண்டது பச்சைக்கால் உள்ளான். கரையொதுங்கிய பாசியையும் கற்களையும் புரட்டி இரை தேடுவது கல்திருப்பி உள்ளான். நீண்ட அலகு கீழ்நோக்கி வளைந்திருந்தால் கோட்டான் (ஆந்தையை அல்ல, கரைப்பறவையைச் சொல்கிறேன்). சிட்டுக்குருவி அளவில் சேற்றை விடாமல் கொத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் கொசு உள்ளான். இவற்றில் எதுவென்று துணிய முடியாதபோது "சிறு உள்ளான், வகை தெரியவில்லை, 40" என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை. ஊகித்து எழுதிய பெயரைப் பின்னால் யாராலும் பிரித்தறிய முடியாது. தெரியவில்லை என்று எழுதியதை எண்ணிக்கைக்காவது பயன்படுத்தலாம்.

கண்ணால் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. சேர்க்கலாமா?

குரல் உறுதியாகத் தெரியுமானால் சேர்க்கலாம். கவுதாரி, செண்பகம், அக்காக்குயில், ஆந்தைகள் ஆகியவற்றைக் குரலை விட்டுவிட்டு எண்ணினால் கணக்கு மிகவும் குறைந்துவிடும். பதிவின் அருகில் "குரல்" என்று குறித்துக்கொள்ளுங்கள். கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலச் செய்யக்கூடியது என்பதால், வல்லூறின் குரல் ஒரே ஒருமுறை கேட்டால் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

கடற்கரையில் எந்த நேரத்தில் எண்ணுவது? காலையில் போனால் ஒன்றுமே இல்லை, மாலையில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன.

கடற்கரைப் பறவைகளின் நாள் கதிரவனைவிடக் கடல்நீரின் ஏற்றவற்றத்தையே பின்பற்றுகிறது. நீர் வற்றும்போது சேறும் மணலும் வெளிப்படுவதால் பறவைகள் பரந்து சிதறி இரை தேடுகின்றன. நீர் ஏறும்போது உயர்ந்த திட்டுகளிலும் உப்பளப் பாத்திகளிலும் நெருங்கி நின்று ஓய்வெடுக்கின்றன. எண்ணுவதற்கு ஏற்ற வேளை நீரேற்றம். வகை பிரித்துப் பார்க்க ஏற்ற வேளை நீர்வற்றம்.

நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். எனவே காற்று சற்று வலுத்தாலும் ஏற்றவற்ற அட்டவணை சொல்வது ஒன்று, கரையில் நடப்பது ஒன்று என்று ஆகிவிடுகிறது. வாடைக்காலத்தில் பாக் விரிகுடாவான வடகடல் கொந்தளிக்க, மன்னார் வளைகுடாவான தென்கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் இது தலைகீழாகும். கரைவலை இழுக்கும் பெரியவர்களிடம் "இன்று தண்ணீர் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவது அட்டவணையைவிட நம்பகமானது. நீர் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா, காற்று எப்படி என்பதையும் பதிவில் ஒரு வரியாக எழுதுங்கள்.

தனுஷ்கோடியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக எப்படி எண்ண முடியும்?

ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. முதலில் கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை உண்மையாகவே எண்ணி, அவை கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அதேபோல் பத்துப் பத்தாக நகர்ந்து நூறு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு அந்த நூறை அளவுகோலாக வைத்துக் கூட்டத்தின் மறு ஓரம் வரை நகர்ந்து செல்லுங்கள். நடுவில் நெருக்கமும் ஓரங்களில் இடைவெளியும் இருக்கும் என்பதால், நெருக்கமான இடத்துக்கு வேறு நூறும் தளர்ந்த இடத்துக்கு வேறு நூறும் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை எண்ணிப் பாருங்கள். இருவர் சென்றால் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். எண்கள் வெகுதூரம் விலகியிருந்தால் மூன்றாம் முறை எண்ணுவதே வழி. பேசி ஓர் எண்ணுக்கு உடன்படுவது வழியன்று. படம் எடுத்து வீட்டில் எண்ணலாம் என்றாலும், பூநாரைகள் ஒன்றின் பின் ஒன்று மறைந்து நிற்பதால் படமும் குறைத்தே காட்டும். "1,200 முதல் 1,500 வரை" என்று எழுதுவது "1,347" என்று எழுதுவதைவிட நேர்மையானது.

சாம்பல் பழுப்பு நிறத்தில் இருப்பவை இளம் பறவைகள். அவற்றைத் தனியே எண்ணினால் கணக்கின் மதிப்பு கூடும். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயம் 2025 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டிருப்பதால், இனி அங்கே ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுக்கப்படும் எண்களுக்குத் தேவை மிகுதி. இதே முறை சூறைக்குருவிக் கூட்டத்துக்கும் பொருந்தும். பறந்துகொண்டே இருப்பதால் அங்கே அளவுகோலை இன்னும் விரைவாக நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று பார்த்த அதே செம்பருந்தை இன்றும் பார்த்தால் இரண்டு என்று எழுதுவதா?

ஒரு நாளின் பட்டியலில் ஒரே பறவை இருமுறை வந்ததாகத் தோன்றினால் ஒன்று என்றே எழுதுங்கள். வேறு வேறு நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது. ஆண்டின் எண்ணிக்கையாக ஒவ்வொரு வகைக்கும் ஒரே நாளில் கண்ட மிக உயர்ந்த எண்ணையும், எத்தனை பட்டியல்களில் அது தென்பட்டது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது எண்தான் பொதுவான பறவைகளின் நிலையை நன்றாகக் காட்டும்.

வீட்டிலிருந்து பறந்துபோன கிளி, அவிழ்த்துவிட்ட மாடு, தெரு நாய் எல்லாம் கணக்கில் வருமா?

வளர்ப்பு விலங்குகளும் தப்பிவந்த கூண்டுப் பறவைகளும் வகைக் கணக்கில் வாரா. ஊருக்குள் தானே வாழ்ந்து பெருகும் மயிலும் மாடப்புறாவும் வரும். ஆனால் கடற்கரையில் திரியும் நாய்களின் எண்ணிக்கையைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திகளுக்கும் ஆமை முட்டைகளுக்கும் அவற்றால் நேரும் இழப்பு பெரிது என்பதால், பின்னால் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

விலங்குகளைப் பகலில் பார்க்கவே முடிவதில்லை. கால்தடத்தை எண்ணலாமா?

எண்ணலாம்; ஆனால் "தடம்", "எச்சம்", "குரல்", "நேரில்" என்று நான்கையும் பிரித்து எழுதுங்கள். மணலிலும் வற்றிய கண்மாய்ச் சேற்றிலும் கீரி, முயல், குள்ளநரி ஆகியவற்றின் தடங்கள் அதிகாலையில் தெளிவாக இருக்கும்; காற்று எழுந்தபின் அழிந்துவிடும். நாயின் தடத்தையும் நரியின் தடத்தையும் பிரிப்பது கடினம் என்பதால், நரியை ஊளை கேட்டோ நேரில் பார்த்தோ மட்டும் எழுதுவது நல்லது. பழந்தின்னி வௌவால்கள் பகலில் தொங்கும் மரம் உங்கள் எல்லைக்குள் இருந்தால், அந்தியில் அவை வெளியேறும்போது எண்ணுங்கள்.

தடம் எத்தனை விலங்குகளுடையது என்பது தெரியாது. ஆகவே தடத்துக்கு எண்ணிக்கை எழுதாமல் "இருந்தது" என்று மட்டும் எழுத வேண்டும்.

நாங்கள் வலைக்குப் போகும்போது ஓங்கிலைப் (டால்பினைப்) பார்க்கிறோம், எப்போதாவது ஆவுளியாவும் தென்படும். கரையில் இருக்கிறவர் அதைத் தம் கணக்கில் சேர்க்கலாமா?

தம் கணக்கில் சேர்க்கக் கூடாது. தம் குறிப்பேட்டில் சேர்க்கலாம். கடலோடிகள் சொல்வதற்கென்று தனிப்பக்கம் ஒதுக்கி, பார்த்தவர், கடற்பகுதி, கரையிலிருந்து ஏறத்தாழ எவ்வளவு தொலைவு, எத்தனை, குட்டி உடனிருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். கடற்பசு எனப்படும் ஆவுளியா மூச்சுவிடுவதற்காக மட்டும் சில நொடிகள் மேலே வரும். அதைக் கரையிலிருந்து பார்த்துவிடலாம் என்று காத்திருப்பவரைவிடக் கடலடிப் புல்லான கடல்தாழை மண்டிய பகுதிகளில் வலை போடுகிறவரே அதை அறிவார். மீனவர்களே நேரடியாகக் கணக்கு வைத்தால் அதைவிடச் சிறப்பு.

வலையில் ஆவுளியா சிக்கினால் உடனே விடுவித்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது உள்ளது. உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியிருக்கிறது. ஆகவே சொன்னால் வம்பு வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

கரையில் ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. அதுவும் பட்டியலில் சேருமா? காலில் வளையம் போட்ட பறவை கிடந்தால் என்ன செய்வது?

இறந்தவை வகைக் கணக்கில் சேரா, தனிக் கணக்கில் கட்டாயம் சேரும். பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து வகைக் கடலாமைகளும் மன்னார் வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. ஐந்தும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. தொடாமல், ஓட்டின் மேற்புறமும் தலையும் தெரியுமாறு படம் எடுத்து, வலைக்காயமோ படகுக்காயமோ தெரிந்தால் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஓட்டையோ எலும்பையோ வீட்டுக்கு எடுத்துச் செல்வது குற்றம்.

வளையத்தில் எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். இந்தக் கடற்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறது. ஓர் எழுத்தும் விடாமல் படித்து, படம் எடுத்து, நாளையும் இடத்தையும் சேர்த்து அவர்களுக்குத் தெரிவித்தால், அந்தப் பறவை எங்கே, எப்போது வளையமிடப்பட்டது என்று அறியலாம். உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றக் கூடாது.

தீவுகளுக்குப் படகில் போய் எண்ணலாமா?

அனுமதியின்றிக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. குருசடைத் தீவுக்கும், பாக் விரிகுடாப் பக்கத்தில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறையே படகில் அழைத்துச் செல்கிறது. கடலை அந்த வழியில் பாருங்கள்.

கரையில் நிற்கும்போதும் கவனம் தேவை. நீண்ட குழாய் வைத்துக் கடலைப் பார்க்கிறவரைக் கடலோரக் காவல்துறையினர் விசாரிப்பது இயல்பு. அடையாள அட்டையும் குறிப்பேடும் கையில் இருந்தால் பேச்சு எளிதில் முடியும். உச்சிப்புளியிலுள்ள கடற்படை விமானத் தளத்துக்குப் பருந்து என்றே பெயர். அந்தப் பருந்தின் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பாதீர்கள்.

கூட்டையும் முட்டையையும் படம் எடுத்து இடத்தோடு பகிரலாமா?

வேண்டாம். நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, உப்புக்கொத்தி ஆகியவை தரையிலேயே முட்டையிடுபவை. நீங்கள் அருகில் நிற்கும் சில நிமிடங்களில் வெயில் முட்டையை வேகவைத்துவிடும். காகமும் உங்களைப் பார்த்து இடம் கண்டுகொள்ளும். கண்மாய்களில் நாரைகள் கூடு கட்டிய மரங்களுக்கு அருகில் ட்ரோன் விடுவது இதைவிடக் கொடியது. குறிப்பேட்டில் இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். பிறருக்குச் சொல்லும்போது ஊர்ப்பெயரோடு நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கை யாரிடம் கொடுப்பது?

பறவைப் பட்டியல்களை ஈபேர்டு தளத்திலும், விலங்குகளின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் பதிவேற்றலாம், இரண்டும் இலவசம். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டாக எண்ண விரும்பினால், ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் பொங்கல் நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் கலந்துகொள்ளலாம். ஈபேர்டில் "பார்த்த எல்லாவற்றையும் எழுதினேனா?" என்று ஒரு கேள்வி வரும்; காகத்தை விட்டுவிட்டு அதற்கு ஆம் என்று பதில் சொல்லாதீர்கள்.

இந்த ஆண்டு சக்கரக்கோட்டைக் கண்மாயில் நாரைகள் மிகவும் குறைவு. பறவைகள் அழிந்துவருகின்றன என்று எழுதலாமா?

ஓர் ஆண்டை வைத்து அப்படி எழுத முடியாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், சக்கரக்கோட்டை ஆகிய நம் சரணாலயங்கள் எல்லாமே மழையை நம்பிய கண்மாய்கள். மழை பொய்த்தால் நாரைகள் நீர் உள்ள வேறு மாவட்டத்துக்குச் சென்று கூடு கட்டும். மழை மிகுந்து எல்லாக் கண்மாய்களும் நிரம்பினாலும் பறவைகள் பல இடங்களுக்குப் பிரிந்துவிடுவதால், ஒரு கண்மாயில் மட்டும் எண்ணுகிறவருக்குக் குறைவாகவே தெரியும். அதனால் நீர் எந்த மட்டத்தில் இருந்தது, சீமைக்கருவேலம் வெட்டப்பட்டதா, நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கின்றனவா என்பவற்றை எண்ணிக்கைக்கு அருகிலேயே எழுதுங்கள்.

இங்கேதான் முதல் பதிலில் சொன்ன பழக்கம் கைகொடுக்கும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாமல் திரும்பிய நாளுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். அதில் சுழியம் என்று எழுத வேண்டும். நீர் வற்றிய மே மாதத்தில் யாரும் போகாததால் பதிவில்லையா, போயும் பறவையில்லையா என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேறு வழியில்லை. அதேபோல், ஜூன் மாதத்தில் வலசைப் பறவைகள் இரா என்று வீட்டிலிருந்துவிடாதீர்கள். வயது முதிராத உள்ளான்கள் பல வடக்கே திரும்பாமல் மண்டபம் பகுதியிலேயே கோடையைக் கழிக்கின்றன.

நான் ஒரே பெயரில் எழுதிய பறவையை இப்போது இரண்டு இனம் என்கிறார்கள். பழைய ஆண்டுகளின் கணக்கைத் திருத்த வேண்டுமா?

சிறு மணல் உப்புக்கொத்திக்கு அண்மையில் இப்படித்தான் நேர்ந்தது. சைபீரிய இனம், திபெத்திய இனம் என்று பிரித்துவிட்டார்கள். பழைய குறிப்பேட்டை அடித்துத் திருத்தாதீர்கள். அன்று எழுதிய பெயர் அப்படியே நிற்க, பக்கத்தில் இன்றைய பெயரை நாளிட்டுச் சேருங்கள். எந்த இனம் என்று இப்போது துணிய முடியாவிட்டால் "இரண்டில் ஒன்று" என்றே இருக்கட்டும். ஆண்டுகளை ஒப்பிடும்போது பிரிந்த இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணினால், வகைகள் கூடிவிட்டதுபோன்ற பொய்த்தோற்றம் வராது.

என் தந்தை நாட்காட்டித் தாள்களின் பின்புறம் பறவைகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அதையும் கணக்கில் கொண்டுவரலாமா?

கொண்டுவர வேண்டும், ஆனால் உங்கள் ஆண்டுக் கணக்கோடு கலக்கக் கூடாது. முதலில் ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அவர் எழுதிய சொற்களையே அப்படியே படியெடுங்கள். "உள்ளான் நிறைய" என்று இருந்தால் அதை எண்ணாகவோ குறிப்பிட்ட இனமாகவோ மாற்றாதீர்கள். நாளும் இடமும் தெளிவாக இருக்கும் குறிப்புகளைப் பழைய பதிவு என்ற குறிப்போடு ஈபேர்டில் சேர்க்க வழி உண்டு; பார்த்த எல்லாவற்றையும் எழுதினாரா என்பது தெரியாததால் அவை முழுப்பட்டியல் ஆகா. தந்தை உடனிருந்தால், அவர் குறித்த இடங்களுக்கு அவரையே அழைத்துச் சென்று எந்தக் கரை, எந்த மரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லைகள் மாறிப்போன ஊரில் அந்த வரிகளுக்கு வேறு சாட்சி கிடைக்காது.